கேள்வி பதில்: பீரோவுக்குள் இருக்கும் செடிகளை உலகுக்குக் காட்ட

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்லூரி ஹெர்பேரியங்களை, அதாவது காயவைத்த செடிகளின் சேகரிப்புகளை, படமாக்கி இணையத்தில் வைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் கல்லூரியில் சுமார் 4,000 ஷீட்டுகள் (செடியைக் காயவைத்து லேபிளோடு ஒட்டிய தாள்கள்) இருக்கின்றன. "கோவையில் அவ்வளவு பெரிய மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கும்போது நம்முடையதை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— தாவரவியல் ஆசிரியை, கிழக்குத் தாம்பரம்

மெட்ராஸ் ஹெர்பேரியம் தாவரவியலர் கிளெக்ஹார்ன் காலத்தில், 1853-ல், இங்கே தொடங்கியது. 1909-ல் கோவைக்குப் போய்விட்டது. அதன் சேகரிப்பு ஒரு பெரிய நிலப்பரப்புக்கானது. கல்லூரி ஹெர்பேரியம், மாணவர்கள் காலையில் பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்துக்குள் சேர்ந்தது: வேளச்சேரி, பள்ளிக்கரணை, வண்டலூர், எண்ணூர், கோவளம். அந்தத் தூரம்தான் கடந்த அறுபது வருஷத்தில் நகரத்துக்குள் கரைந்துபோனது. "வேளச்சேரி, வயல் வரப்பு, 1958" என்று ஒரு லேபிள் இருந்தால், அங்கே வரப்பு இருந்ததற்கும் அதில் அந்தச் செடி இருந்ததற்கும் அந்த ஷீட்தான் சாட்சி. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே முன்பு என்னென்ன முளைத்தன என்று கேட்டு வருகிறவருக்கு உங்கள் பீரோவைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

"எருக்கும் ஆவாரையும் தானே" என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒரே செடிக்கு ஐம்பது ஷீட் இருந்தால் ஐம்பது இடங்களும் ஐம்பது பூக்கும் தேதிகளும் கையில் இருக்கின்றன என்று பொருள்.

படம் எடுக்கத் தொடங்கும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம் என்ற உலக ஹெர்பேரியப் பட்டியலில் கல்லூரியின் ஹெர்பேரியத்தைப் பதிவு செய்து குறியீட்டு எழுத்துகளை வாங்க விண்ணப்பியுங்கள். பொதுவாகக் குறைந்தது 5,000 ஷீட் எதிர்பார்க்கிறார்கள், ஆகவே உங்கள் 4,000-த்தை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. பின்னால் எல்லா எண்ணும் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். நடுவில் மாற்றினால் எல்லா எண்ணையும் முதலிலிருந்து ஒட்ட வேண்டிவரும்.

கே: பழைய ஷீட்டுகளுக்கு விஷம் தடவியிருக்கிறது என்கிறார்களே, உண்மையா? தொடலாமா?
— ஆய்வக உதவியாளர், சைதாப்பேட்டை

உண்மை. மெர்குரிக் குளோரைடை ஆல்கஹாலில் கரைத்து, செடியை அதில் முக்கி எடுத்து ஒட்டுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். உங்கள் ஷீட்டுகளைப் பூச்சி தொடாமல் இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். பாதரசம் காகிதத்திலேயே தங்கியிருக்கும், மெல்ல ஆவியாகவும் வெளிவரும். ஆகவே பீரோவைத் திறந்ததும் வேலையைத் தொடங்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதனால் காற்றோட்டம்தான் உண்மையான பாதுகாப்பு. அந்த மேஜையில் டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம். மேஜையை ஈரத்துணியால் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் போட்டால் பாதரசத் தூசியை அறை முழுக்க ஊதிவிடும்.

விஷம் தடவாத புது ஷீட்டுகளில் சிகரெட் வண்டு வந்திருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது. சென்னைக் காற்றில் உடனே பிரித்தால் ஷீட் முழுக்க நீர் பூத்துவிடும், வண்டு போய் பூஞ்சை வரும்.

கே: எண் ஒட்டுவதா, படம் எடுப்பதா, எது முதலில்?
— முதுகலை மாணவர், அண்ணா நகர்

எண்தான். குறியீட்டு எழுத்துகளுக்குப் பின் ஆறு இலக்கம், 000001 என்று தொடங்கட்டும். அதை கோட் 128 பார்கோடாக, அமிலமில்லாத காகிதத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டிக்கரின் பசை நம் வெயிலில் சில வருஷத்தில் காய்ந்து உதிரும். எண் உதிர்ந்த ஷீட்டுக்கும் அதன் படத்துக்கும் உறவு அறுந்துவிடும். செடியின் மேலும் பழைய எழுத்தின் மேலும் படாமல், லேபிளுக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஒட்டவும். ஒரே சேகரிப்பு இரண்டு ஷீட்டாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்து, ஒன்றின் பதிவில் மற்றதன் எண்ணைக் குறியுங்கள்.

பழைய பதிவேட்டு எண்ணை அடிக்கவோ அழிக்கவோ வேண்டாம். அது வேறு எண், கம்ப்யூட்டர் அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி (நெடுவரிசை).

கே: கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் என்ன வாங்க வேண்டும்? எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? ஏ3 ஸ்கேனர் ஏற்கெனவே இருக்கிறது, அது போதாதா?
— ஆவடி, ராயபுரம், திருவள்ளூரிலிருந்து மூன்று கடிதங்கள்

ஸ்கேனர் வேண்டாம். ஷீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்கும், கவிழ்த்தால் காய்ந்த இதழும் விதையும் கொட்டும். ஸ்கேனரையே தலைகீழாகத் தொங்கவிட்டு, ஷீட்டைக் கீழிருந்து உயர்த்தும் அமைப்பை வெளிநாட்டு ஹெர்பேரியங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான். கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும் தெளிவாக விழும். கொஞ்சம் தடித்த காய் இருந்தாலும் மங்கிவிடும்.

கேமரா கணக்கு எளிது. ஷீட் சுமார் 42 க்கு 28 செ.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஷீட்டுக்கு மட்டும் 1.6 கோடி புள்ளிகள் வேண்டும். பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைக்க இடம் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா 6,000 க்கு 4,000 புள்ளி தருகிறது. 300 கணக்கில் அது 50 க்கு 34 செ.மீ. இடத்தை அடைக்கும், கச்சிதமாகப் போதும். டைப் ஷீட், அதாவது ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மாதிரி, இருந்தால் 600 புள்ளியில் எடுப்பதே வழக்கம். அதற்கு நான்கு மடங்கு புள்ளிகள் தேவைப்படும். அந்தச் சில ஷீட்டுகளுக்காக விலை உயர்ந்த கேமரா வாங்காதீர்கள், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. மேக்ரோ லென்ஸ், சிறிய சென்சார் கேமராவில் 35 மி.மீ. இரண்டிலும் சென்சாரிலிருந்து ஷீட் வரை ஏறக்குறைய 80 செ.மீ. வரும். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸில் இரண்டு தொல்லை. ஷீட்டின் நேர்விளிம்புகள் வில்லாக வளையும். கேமரா கீழ்நோக்கித் தொங்கும்போது லென்ஸ் தன் எடையிலேயே சறுக்கி ஜூம் மாறிக்கொண்டே போகும், நூறாவது படத்தில்தான் தெரியவரும். வேறு வழியில்லை என்றால் ஜூம் வளையத்தை டேப் போட்டு இறுக்கிவிடுங்கள்.

கேமரா மேஜைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கோல் மட்டும் போதாது. ஷீட் வைக்கும் இடத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கவைத்து வ்யூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் சரி. தினமும் காலையில் ஒருமுறை இதைச் செய்யவும்.

ஒளிக்கு இரண்டு எல்இடி பேனல்கள், இரு பக்கமும் 45 டிகிரியில். ஒளியின் நிறம் 5,000 முதல் 5,500 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 95. டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காலைப் படம் ஒரு நிறம், மாலைப் படம் ஒரு நிறம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் சாம்பல் அட்டையை வைத்து நிலைப்படுத்துங்கள். லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, கோப்பு ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). எஃப் 8-ல் ஏறக்குறைய இரண்டு செ.மீ. ஆழம் துல்லியமாக விழும், சாதாரணக் காய்களுக்கு அது போதும். எஃப் 16-க்கு மேல் போனால் ஆழம் கூடும், ஆனால் படம் மொத்தமும் சற்றுக் குழையும்.

படத்தில் கருமையான பட்டைகள் வருகின்றன என்று ராயபுரம் வாசகர் எழுதியிருக்கிறார். கோளாறு கேமராவில் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50, 1/25, 1/10 என்று அந்தத் துடிப்பின் முழு மடங்குகளில் வைத்தால் பட்டை மறைந்துவிடும். அவ்வளவு மெதுவான ஷட்டருக்குக் கேமரா அசையக் கூடாது. கையால் அழுத்தாமல் ரிமோட்டிலோ கம்ப்யூட்டரிலிருந்தோ எடுங்கள். சீலிங் ஃபேனையும் நிறுத்த வேண்டும். புழுங்கத்தான் செய்யும். ஆனாலும் ஃபேன் ஓடினால் ஸ்டாண்ட் அதிரும், உதிர்ந்த இலைத்துணுக்கு பறக்கும். ஏசி இருந்தால் காற்று மேஜைக்கு நேரே வராதபடி திருப்பிவிடுங்கள்.

இருவர் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒருவர் ஷீட்டை அட்டைப் பலகையோடு வைத்து எடுக்கிறார், மற்றவர் பார்கோடைப் படித்து, படத்தை முழு அளவில் திறந்து நான்கு மூலையும் லேபிளும் தெளிவா என்று பார்க்கிறார். துணுக்கு எதுவாவது உதிர்ந்தால் அடுத்த ஷீட்டை வைப்பதற்கு முன்பே காகிதப் பொட்டலத்தில் போட்டு அதே ஷீட்டில் சேர்க்கவும். "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கிய விதை எந்தச் செடியுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஷீட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்தில் 150. ஆக 4,000 ஷீட்டுக்கு 27 வேலைநாள்.

கே: மொபைலில் எடுத்தால்?
— பட்டதாரி ஆசிரியர், மதுராந்தகம்

லேபிளைப் படித்துத் தட்டச்சு செய்ய, எத்தனை ஷீட் இருக்கின்றன என்று கணக்கெடுக்க, தாராளமாகப் போதும். பணம் வரும்வரை காத்திருப்பதைவிட அப்படித் தொடங்குவதே நல்லது. நிரந்தரப் படமாக மட்டும் அதைக் கருத வேண்டாம். இலை மேலுள்ள ரோமங்களை மொபைல் தானாகவே மழுப்பிவிடும், இல்லாத கூர்மையைச் சேர்த்துவிடும். சிற்றினத்தைப் பிரித்தறியப் பல சமயம் அந்த ரோமங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கே: லேபிளில் பெயர் பழையது, எழுத்துப்பிழையும் இருக்கிறது. திருத்தித் தட்டச்சு செய்யலாமா? ஏஐயிடம் கொடுத்தால் படித்துத் தருமா?
— ஆய்வு மாணவி, திருவல்லிக்கேணி

இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் படம் கெட்டால் மறுபடி எடுத்துவிடலாம். லேபிளைத் "திருத்தி" ஏற்றிய தகவலை, அது தவறு என்று யாருக்கும் தெரியாமலே, பல வருஷம் எல்லோரும் எடுத்தாளுவார்கள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் லேபிளில் உள்ளது, பிழையோடு, உள்ளபடியே. மற்றதில் நீங்கள் புரிந்துகொண்டது. ஆவாரைக்கு லேபிளில் காசியா ஆரிகுலேட்டா என்றிருந்தால் முதல் பத்தியில் அதையே எழுதுங்கள். இப்போது ஏற்கப்பட்ட சென்னா ஆரிகுலேட்டா, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபார்த்த பிறகு, இரண்டாவதில். செடியையே தவறாக அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், உங்கள் பெயரும் தேதியும் போட்டுப் புதுச் சீட்டு ஒன்று ஒட்டுங்கள். பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

தேதியில்தான் அதிகம் வழுக்கும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது அன்றைய வழக்கம். ஆண்டுக்கு "31" என்று மட்டும் இருந்தால் சேகரித்தவரின் மற்ற ஷீட்டுகளைப் பாருங்கள். அவருடைய களஎண்கள் (சேகரிக்கும்போது அவர் கொடுத்த எண்கள்) வரிசையாகப் போகும். 214-ம் எண் மூன்றாம் தேதி, 215-ம் எண் இரண்டாம் தேதி என்று வந்தால் இரண்டில் ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் 1931-11 என்று நிறுத்துங்கள். நாளுக்கு 01 போட்டு நிரப்பினால் அது பொய்த் தேதி. எக்ஸெல்லில் அந்தப் பத்திகளை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் 000123 தானாக 123 ஆகும், 4-3 என்ற களஎண் மார்ச் 4 ஆகும்.

ஏஐ அச்சு லேபிளை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தில் தடுமாறும்போது தடுமாறுவதாகச் சொல்லாமல், பொருத்தமாகத் தோன்றும் ஒரு ஊர்ப்பெயரைப் போட்டுவிடுகிறது. ஆகவே முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, களஎண், சேகரித்தவர் பெயர் மூன்றையும் மனிதக் கண்தான் ஒப்பிட வேண்டும். ஷீட்டுக்கு ஆறு நிமிடம் வைத்தால் 4,000 ஷீட்டுக்கு 400 மணி நேரம். படம் எடுப்பதைவிட இதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும் என்று நிதி கேட்கும்போதே எழுதிவிடுங்கள்.

கே: "செங்கல்பட்டு ஜில்லா", "தாம்பரத்துக்குத் தெற்கே 5 மைல்" என்றெல்லாம் இருக்கிறது. இதற்கு அட்சரேகை தீர்க்கரேகை எப்படிப் போடுவது?
— வண்டலூர் வாசகர்

முதலில் அந்த ஆண்டின் வரைபடத்தை மனதில் கொள்ளுங்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லா 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. லேபிளில் உள்ள பெயர் இன்றைய இந்த மூன்று மாவட்டங்களில் எதுவாகவும், இன்றைய சென்னையின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். "மெட்ராஸ்" என்று மட்டும் இருந்தால் நகரமா, மாகாணமா என்று பார்க்க வேண்டும். மாகாணம் என்றால் கஞ்சம் முதல் மலபார் வரை. கோவளம் நமக்கும் உண்டு, கேரளத்துக்கும் உண்டு. "ரெட் ஹில்ஸ்" செங்குன்றமாகவும் இருக்கலாம், நீலகிரியாகவும் இருக்கலாம். உயரம் 7,000 அடி என்று பக்கத்தில் இருந்தால் செங்குன்றம் இல்லை.

இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் தராமல், அதைச் சுற்றி ஒரு வட்டமாகத் தருவதே முறை. புள்ளியோடு பிழை ஆரமும் மீட்டரில் இருக்க வேண்டும். உங்கள் உதாரணத்தையே எடுப்போம். 5 மைல் என்பது 8 கி.மீ. "தெற்கே" என்று மட்டும் சொன்னால் தென்கிழக்கு முதல் தென்மேற்கு வரை எங்கும் இருக்கலாம். 8 கி.மீ. தூரத்தில் அதனாலேயே சுமார் 6 கி.மீ. பிழை வருகிறது. எந்தத் தாம்பரத்திலிருந்து அளந்தார், ஸ்டேஷனிலிருந்தா ஊர் எல்லையிலிருந்தா என்பதற்கு ஒன்றிரண்டு கி.மீ. மொத்தம் 8,000 மீட்டர் என்று போடுங்கள். பெரிய எண்ணாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டுக் குறைக்க வேண்டாம். ஜியோலொகேட் என்ற இலவசக் கருவி இந்தக் கணக்கில் கைகொடுக்கும்.

அடிக்கடி பார்க்கும் தவறுகள்: 13 டிகிரி 5 நிமிடத்தை 13.05 என்று எழுதுவது. சரியானது 13.083, வித்தியாசம் மூன்றரைக் கி.மீ.க்கு மேல். 80.27-ஐ அட்சரேகைப் பத்தியில் போட்டால் சென்னைச் செடி ஆர்க்டிக் கடலில் முளைக்கும். தெரியாத இடத்துக்கு 0, 0 போட்டால் அட்லாண்டிக்கில் மிதக்கும். தெரியாவிட்டால் காலியாக விடவும். ஷீட் ஷீட்டாகப் போகாமல் ஊர்ப்பெயர்களைத் தொகுத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான ஷீட்டுகள் சில நூறு இடங்களாகச் சுருங்கிவிடும்.

கே: வட்டாரப் பெயர்களைத் தமிழில் எழுதிய பழைய பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.
— நூலகர், மயிலாப்பூர்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ணகர னகரத்தையும் கொம்புகளையும் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள். எக்ஸெல்லில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். ஒரு செடிக்கு ஓர் ஊரில் என்ன பெயர் என்பது வேறு எங்கும் கிடைக்காத தகவல்.

கே: சந்தனம், செஞ்சந்தனம் எங்கே இருக்கின்றன என்று ஊருக்கெல்லாம் சொல்லலாமா?
— ஓய்வுபெற்ற வனத்துறை ஊழியர், திருத்தணி

கூடாது, நீங்கள் தயங்குவது நியாயமே. சரியான இடத்தை உங்கள் உள்பதிவில் வைத்துக்கொண்டு, வெளியிடும் பிரதியில் எண்ணைச் சுருக்குங்கள். 0.1 டிகிரிக்குச் சுருக்கினால் சுமார் 11 கி.மீ., 0.01 என்றால் 1.1 கி.மீ. சுருக்கியிருக்கிறோம் என்பதையும் அதற்குரிய பத்தியில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் படிப்பவர் அதையே துல்லியமான இடமாக எடுத்துக்கொள்வார். பலர் மறப்பது படத்தை: லேபிளில் காட்டின் பெயரும் ஓடையின் பெயரும் எழுதியிருக்கும். அந்த ஷீட்டுகளின் வெளியீட்டுப் படத்தில் மட்டும் லேபிளின் இடப்பகுதியை மறைத்துவிடுங்கள். காட்டில் அழகுக்காகப் பிடுங்கப்படும் ஆர்க்கிடுகளுக்கும் இதே முறை.

கே: எல்லாம் தயார். எங்கே, எப்படி வெளியிடுவது? சர்வர் வாங்க வசதியில்லை.
— தாவரவியல் துறை, திருவள்ளூர்

சர்வர் தேவையில்லை. பத்திகளின் தலைப்புகளை டார்வின் கோர் என்ற பொதுத்தரத்துக்கு மாற்றி, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்தின் வழியாக வெளியிடலாம். கல்லூரி தன்னை வெளியீட்டாளராகப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். ஜிபிஐஎஃப்புக்குத் தகவல் வெளியிடும் ஐபிடி மென்பொருளை ஏற்கெனவே நடத்தும் ஒரு நிறுவனத்திடம் உங்கள் தொகுப்பை ஏற்றித்தரக் கேளுங்கள். ஏற்றுவதற்கு முன் ஜிபிஐஎஃப்பின் இலவசச் சரிபார்ப்புக் கருவியில் கோப்பைப் போட்டால் கடலில் விழுந்த செடிகள், எதிர்காலத் தேதிகள் எல்லாம் பிடிபடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் தரும் நிலையான அடையாள எண்ணை ஒருமுறை வெளியிட்டால் பிறகு எக்காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. மாற்றினால் 4,000 ஷீட் 8,000 ஆகத் தெரியும், மேற்கோள் காட்டியவர்களின் இணைப்புகள் அறுந்துபோகும். உரிமம் மூன்றில் ஒன்று: சிசி0 (நிபந்தனை ஏதும் இல்லை), சிசி பை (பெயர் குறிப்பிட வேண்டும்), சிசி பை-என்சி (பெயர் குறிப்பிட்டு, வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும்). விவரங்களுக்கு சிசி0, படங்களுக்கு சிசி பை என்பது எங்கள் பரிந்துரை. வணிகத்தடை போட்டால் பாடநூல் அச்சிடுபவர்கூடப் பயன்படுத்தத் தயங்குவார்.

படத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து "ஒரு இலைத்துண்டு அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். படம் வேறு, இலை வேறு. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும்.

கே: ஹார்டு டிஸ்க் எத்தனை வாங்க வேண்டும்?
— வேளச்சேரி வாசகர்

4,000 ஷீட்டுக்கு, ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் 120 ஜிபி. டிஃப் ஆக மாற்றினால் ஒன்று 72 எம்பி, மொத்தம் 288 ஜிபி. ஜேபெக் 40 ஜிபி. எல்லாம் சேர்ந்து அரை டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே 1 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். மூன்றாவது பிரதி இணைய சேமிப்பில் இருக்கட்டும். இரண்டு டிஸ்கும் ஒரே பீரோவில் இருந்தால் அது ஒரு பிரதிதான். 2015 டிசம்பரில் உங்கள் ஊரில் தண்ணீர் எந்த மாடிவரை வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு டிஸ்க் மேல்மாடியில், மற்றது கோவையிலோ திருச்சியிலோ உள்ள நட்புக் கல்லூரி ஒன்றில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் அடையாளக் குறி) எடுத்து வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் செப்டம்பரில், மூன்று பிரதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வைக்கவும். கேமரா லென்ஸும் அதே டப்பாவில் இருக்கலாம், நம் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர ஒரு மழைக்காலம் போதும்.